மாடியறையில் செத்தவள் உன் அத்தை

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், அவள் முழங்கால் வலிகூட இப்போது பரவாயில்லை. உன் உடம்பு எப்படி இருக்கிறது? எவ்வளவு கோபம் இருந்தாலும் இதைக் கேட்காமல் தொடங்க எனக்குக் கை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு பேர் காரில் வந்தார்கள், குடிக்கத்தான் வருகிறார்கள் என்று கிளாஸைத் துடைத்து வைத்தேன், அவர்களோ மாடியறைச் சாவியைக் கேட்டார்கள். எதற்கு என்றால், "தூக்கு மாட்டிக்கிட்ட பொம்பளை இன்னும் நடக்குறாளாமே, வீடியோ எடுக்கணும் பெரியவரே" என்கிறான் ஒருத்தன். எவன் சொன்னான் என்று கத்தினேன். போனை என் மூக்குக்கு நேரே நீட்டி, "உங்க பையன்தான் எழுதியிருக்காரு" என்றான். நம் மதுக்கடையின் வரலாறாம்! காதலன் கைவிட்டதால் தொங்கினாளாம், காலடிச் சத்தம் கேட்குமாம். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. வியாபாரம் படுத்துவிட்டது, ஆள் வர ஏதாவது செய் என்று உன்னைக் கேட்டது நான்தான். அதற்காகச் செத்தவளை விற்கச் சொன்னேனா?

அந்த அறையில் செத்தது ஒருத்திதான். என் அக்கா, உன் அத்தை. நீ பிறக்குமுன்பே போய்விட்டாள், உனக்குத் தெரியாது, என்னைக் கேட்டிருந்தால் வாய் தேய்ந்துவிடுமா? கடை வாசலில் இருந்த மண்பாதையைத் தார்ச்சாலையாக்கியபோது கூலியாட்களுக்கு விஷக்காய்ச்சல் வந்தது. ஊரே கதவைச் சாத்தியது, உன் தாத்தாவும் சாத்தத்தான் சொன்னார். அவள்தான், "நேத்துவரைக்கும் நம்ம கடையில குடிச்சவங்கப்பா, இன்னிக்கு எங்க போவாங்க" என்று தாழ்ப்பாளைத் திறந்தாள். மேசைகளைச் சேர்த்துப் போட்டுப் பதினாலு பேரைப் படுக்கவைத்தாள். பத்துப் பேர் பிழைத்து எழுந்து போனார்கள். கடைசியில் காய்ச்சல் அவளைப் பிடித்தது. மாடியில் ஆறு நாள் கிடந்தாள். தண்ணீர் கொண்டுபோக வேண்டியவன் நான், இருபது வயதுத் தடியன். தொற்றிவிடுமோ என்ற பயத்தில் சொம்பைப் படியிலேயே வைத்துவிட்டு ஓடிவந்துவிடுவேன். அவள் தவழ்ந்து வந்து எடுத்துக்கொள்வாள். இதை உன் அம்மாவிடம்கூட இதுவரை சொன்னதில்லை.

வந்தவர்களிடம் அவள் எப்படிச் செத்தாள் என்று சொன்னேன். ஒருத்தன் தலை குனிந்துகொண்டான். இன்னொருத்தன், "சூப்பர், இன்னொரு தடவ சொல்லுங்க" என்று போனைத் தூக்கினான். பிடுங்கிக் கிளாஸ் கழுவும் வாளியில் போட்டுவிட்டேன். வயசுக்கேற்ற புத்தி வேண்டாமா என்று அம்மா திட்டுகிறாள், திட்டட்டும்.

நீ எழுதியதை இன்றைக்கே அழி. அவள் கதவைத் திறந்ததை எழுது, நான் சொம்பை வைத்துவிட்டு ஓடியதையும் விடாமல் எழுது. அதைப் படித்துவிட்டு ஒருத்தரும் வராவிட்டால் கடையை மூடிக்கொள்கிறேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, கண்ட நேரத்தில் படுக்காதே. நோய்நொடி இல்லாமல் நீ நன்றாக இருக்கவேண்டும். அழித்த பிறகு போன் பண்ணு, அதுவரை பண்ணாதே.

உன் அப்பா