மலையாளத்தில் மட்டும் வரும் பொறுமை

செவ்வாய்க்கிழமை.

மனநல ஆலோசகர் சொன்னபடி கடையில் கோபப்படுவதில்லை. கேரளத்து அமரவிளையில் இருக்கும் என் சிப்ஸ் கடைக்கு வருகிறவர்களிடம் மலையாளத்தில் தேனொழுகப் பேசுகிறேன். கோபத்தைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்து தமிழில் செலவழிக்கிறேன்.

இன்று மாலை மகள் அனு பள்ளி நாடகத்துக்குச் சேலை கேட்டாள். "ஏட்டி, செத்த நேரம் சும்மா இருக்க விடமாட்டியா?" என்று கத்தினேன். உடனே போன் அடித்தது. வாடிக்கைக்கார அக்கா ஒருத்தி. "பறயூ சேச்சி, ஒரு திரக்கும் இல்ல" என்றேன். எனக்கு ஒரு அவசரமும் இல்லையாம்.

பேசி முடித்ததும் அனு முன்னால் வந்து நின்றாள். அம்மா என்று கூப்பிடாமல், வீட்டில் அவள் பேசாத மலையாளத்தில் கேட்டாள்: "சேச்சி, ஒரு சாரி கிட்டுமோ?"

சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

சேலையை எடுத்துக் கொடுத்தேன். "தேங்க்ஸ் சேச்சி" என்று போனாள். "மக்கா" என்று செல்லமாகக் கூப்பிட்டேன். அதுவும் அதட்டலாகத்தான் கேட்டிருக்கும். அவள் திரும்பவில்லை.