துப்பிய கடலை

ஆவணி 14, வியாழன்.

இரண்டு மாதமாக இட்லியை எண்ணித் தின்றும் எடை அரைக் கிலோகூடக் குறையவில்லை. இன்னும் குறையாவிட்டால் இன்சுலின் ஊசிதான் என்கிறார் டாக்டர். என் கலோரியைச் செல்போனில் ஏற்றும் மகள் இன்று என் கடலை மண்டிக்கே வந்து உட்கார்ந்துவிட்டாள். வாங்கும் மூட்டை ஒவ்வொன்றிலும் நான் ஒரு வாய் மென்று பார்ப்பதைக் கண்டு கத்தினாள். "நைனா! இத்தெல்லாம் எங்கிட்ட சொல்லவே இல்லியே!"

தொழிலை யாராவது தீனியில் சேர்ப்பார்களா? இருந்தாலும் ஊசிக்குப் பயந்து, இனி மென்று துப்பிவிடுவது என்று முடிவெடுத்தேன்.

சாலவாக்கத்து விவசாயி ஒருவர் இருபது மூட்டை கொண்டுவந்தார். முதல் வாயைத் துப்பியதும் அவர் முகம் சிவந்துவிட்டது. "இன்னா மொதலாளி, என் வேர்க்கல்ல துப்புற மாதிரியா கீது? டிரைவரே, வண்டிய திருப்பு!"

சரக்கோ முதல் தரம். எதிர்க் கடைக்கு விட மனம் வரவில்லை. வண்டியை மறித்து, அவர் கண்ணெதிரே இருபது மூட்டையிலும் ஒவ்வொரு வாய் மென்று விழுங்கினேன். "இப்ப சொல்லு மொதலாளி, எப்டி கீது?" என்று சிரித்தார்.

மகள் கூட்டிப் பார்த்துவிட்டு, "நாளைக்கு சோத்தயும் சேத்து இன்னிக்கே துன்னுட்ட நைனா" என்றாள். இரவுக்கு மோர்தான் கிடைத்தது.

நான் ரசித்துத் தின்றதை ஊரெல்லாம் சொல்லி, தன் பங்காளியின் முப்பது மூட்டையையும் நாளைக்கு அனுப்புகிறாராம் அந்த மனிதர்.