பிறெடியின் முகமும் உன் நிறமும்

கொட்டாஞ்சேனை,
18 ஆகஸ்ட் 2024, ஞாயிறு

அன்பு மகள் ஷாமிலாவுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் அம்மாவும் நானும் குறைவில்லாமல் இருக்கிறோம், நீயும் றொஹானும் சின்னவனும் அந்தக் குளிரில் தடிமன், காய்ச்சல் இல்லாமல் இருக்கவேண்டும் என்று காலைப் பூசையில் மன்றாடிவிட்டு வந்துதான் இதை எழுத உட்கார்ந்தேன். நாளுக்கு இரண்டு தரம் வட்ஸ்அப்பில் முகம் பார்த்துக் கதைக்கிறோமே, பிறகு எதற்குக் கடிதம் என்று நீ நினைப்பாய். போனில் அம்மா தோளுக்குப் பின்னால் நிற்பார், சின்னவன் இடையில் ஓடிவருவான், நான் சொல்ல வந்தது அரைவாசியில் நின்றுவிடும். நம்முடைய பற்றிக் அங்கிள் வருகிற வியாழன் மகனைப் பார்க்க மெல்பர்னுக்கு வருகிறார், அவருடைய கையில் கொடுத்துவிடுகிறேன், ஆறுதலாக வாசி. அம்மாவுக்கு முழங்கால் நோ கொஞ்சம் குறைவு, ஆனாலும் மீன் என்றால் பேலியகொடை மீன் சந்தைக்கு நேரே போய்த்தான் வாங்கவேண்டும் என்று பிடிவாதம், போனால் நான் பைகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடக்கிறேன். இரண்டு கிழமையாக நல்ல மழை, உன் அறைச் சுவரில் ஈரம் ஊறுகிறது, பூச்சு அடிக்க ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன்.

நீ புதுக் கமரா வாங்கிச் சின்னவனைக் கடற்கரையில் எடுத்து அனுப்பிய படங்களை நானும் அம்மாவும் எத்தனை தரம் பார்த்தோம் என்று தெரியாது. அன்றைக்கு நீ பெருமையாகச் சொன்னாய், "அப்பா, நான் ஒண்டையும் எடிட் பண்ணேல்ல, கமரா தந்தபடியேதான் அனுப்பினனான், அதுதானே உண்மை" என்று. நானும் ஓம் ஓம் என்று சொல்லிவிட்டேன். அது சரியில்லை மகள். நீ போனமுறை வந்தபோது விட்டுப்போன சின்னக் கமராவைத் தூக்கிக்கொண்டு திரியத் தொடங்கிய நாளில் நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன், படத்தைத் திருத்துவது என்றால் பொய் சொல்வது என்று. அந்த எண்ணத்தை மாற்றியது பிறெடி அங்கிளின் படம்.

மேல்மாடியில் இருந்த பிறெடி அங்கிள் ஜூன் மாதம் இறந்ததை அம்மா உனக்குச் சொன்னார், முழுவதும் சொல்லவில்லை. சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று டொக்டர்மார் சொன்ன பிறகு, மகள் றொசானாவின் கலியாணத்தை டிசம்பரில் இருந்து மே மாதத்துக்குக் கொண்டுவந்தார்கள். அப்படியும் அவரால் படி இறங்கிக் கோவிலுக்கு வர முடியவில்லை. பேசிவைத்த போட்டோக்காரர் நேரே கோவிலுக்குப் போய்விட்டார், வீட்டில் கமராவோடு நின்றது நான் மட்டும். றொசானா வெள்ளை உடுப்போடு வந்து ஜன்னல் ஓரம் நாற்காலியில் இருந்த தகப்பனுக்கு முன்னால் முழங்காலில் நின்றாள், அவர் நடுங்குகிற விரலால் அவளுடைய நெற்றியில் சிலுவை போட்டார். நான் கமராவின் பொத்தானை மூன்று தரம் அமத்தினேன். கீழே கார் ஹோர்ன் அடித்தது, அவள் போய்விட்டாள். கமராவின் பின்பக்கத்தைப் பார்த்தால் ஜன்னலும் துறைமுகமும் பளிச்சென்று இருக்கின்றன, முன்னால் இரண்டு கறுப்பு உருவங்கள், முகமே இல்லை. பத்தொன்பதாம் நாள் பிறெடி போய்விட்டார். அடக்கம் முடிந்து வரும்போது றொசானா கேட்டாள், "அங்கிள், அண்டைக்கு அப்பாவோட எடுத்தீங்களே, அது இருக்கா?" என்று. "சரிவரேல்ல பிள்ளை" என்றேன். அவளுடைய கலியாண அல்பத்தில் தகப்பன் ஒரு படத்திலும் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

துறைமுகத்து ஒபிசில் இருபது வருடம் எனக்குப் பக்கத்து மேசையில் இருந்த நப்ரீஸ் இப்போது மாளிகாவத்தையில் வீட்டில் இருந்தபடி கலியாண அல்பம் செய்கிறார். கமரா சரியில்லை, யாருக்காவது கொடுத்துவிடப்போகிறேன் என்று சொல்லத்தான் அவரிடம் போனேன். அவர் படத்தைக் கொம்பியூட்டரில் போட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நோபேட், இத அழிச்சிராதீங்க, மொகம் உள்ளுக்குத்தான் ஈக்கிது" என்றார். திரையில் வெளிச்சத்தைக் கூட்டுகிற ஒரு கோட்டைப் பிடித்து மெதுவாக வலப்பக்கம் இழுத்தார். முதலில் றொசானாவின் சட்டைக் கையில் இருந்த லேஸ் தெரிந்தது, பிறகு அவளுடைய மூடியிருந்த கண், பிறகு அழுகையை அடக்க இறுக்கிப் பிடித்திருந்த பிறெடியின் உதடு. என்னால் அங்கே இருக்க முடியவில்லை, எழும்பிப் போய்ப் பல்கனியில் நின்றேன். திரும்பி வந்து, "ஆனாலும் இது செப்படி வித்தைதானே" என்று கேட்டேன். நப்ரீஸ் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஒங்கட கண்ணு அண்டைக்கு அவர்ட மொகத்தப் பாத்திச்சா இல்லயா? கமராக்கு ஜன்னலயும் மொகத்தயும் ஒண்டாப் பாக்க ஏலாது, அது ஜன்னலப் புடிச்சிக்கிட்டிச்சு. நீங்க தொடாட்டியும் வெளிச்சத்தயும் கலரையும் அது தன்ட இஷ்டத்துக்குத் தீர்மானிச்சுத்தான் தருது. நாம எடிட் பண்ணல்ல எண்டா, அது சொன்னத்துக்குத் தலையாட்டினதுதான்."

அதற்குப் பிறகு கிழமைக்கு இரண்டு நாள் அவரிடம் போய்ப் பழகினேன். மூலப்படத்தை ஒருபோதும் தொடாமல் ஒரு பிரதியில் மட்டும் வேலை செய்யவேண்டும் என்பது முதல் பாடம், நீயும் அதை மறக்காதே. காலிமுகத்திடலில் நான் எடுத்த படங்களில் கடல் ஒரு பக்கம் வடிந்து ஓடப்போவது மாதிரிச் சரிந்திருந்தது, இருபது படத்தை உட்கார்ந்து நிமிர்த்திய பிறகு இப்போது எடுக்கும்போதே கை நேராக நிற்கிறது. திருத்தத் திருத்தத்தான் எங்கே பிழைவிட்டோம் என்று தெரிகிறது. சின்னவனின் கடற்கரைப் படத்திலும் வெயில் அவனுக்குப் பின்னால், பிள்ளையின் சிரிப்பு இருட்டுக்குள் கிடக்கிறது. கோட்டைக் கொஞ்சம் இழுத்துப் பார், வரும்.

ஆனால் பழகிய கை சும்மா இருக்கவில்லை. பிறெடியின் கண்ணுக்குக் கீழே இருந்த வீக்கத்தை எடுத்தேன், தோலை வழுவழுப்பாக்கினேன், றொசானாவையும் கலியாணப் பொம்பிளைதானே என்று இரண்டு படி வெளுப்பாக்கினேன். பெரிதாகப் பிரிண்ட் எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன், கட்டிப்பிடித்து அழுவாள் என்று நினைத்துக்கொண்டு. அவள் படத்தில் தகப்பனின் கண்ணுக்குக் கீழே விரலை வைத்தாள். "அங்கிள், அப்பாக்கு முகம் வீங்கித்தானே இருந்தது, அந்த முகத்தோடதானே என்னை ஆசீர்வதிச்சவர். நானும் இந்தக் கலர் இல்லை" என்றாள், கோபமாக இல்லை, களைத்துப்போன குரலில். நான் படத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்தேன். மூலப்படம் பத்திரமாக இருந்தபடியால் திரும்பவும் தொடங்கினேன். இந்தமுறை இருட்டை மட்டும் விலக்கினேன், வேறு ஒன்றையும் தொடவில்லை. அது இப்போது அவள் புகுந்த வீட்டுச் சுவரில் இருக்கிறது, அதைப் பார்த்த அன்றைக்கு அழுதாள்.

இனித்தான் எனக்கு எழுதக் கஷ்டமான இடம். றொசானா அப்படிச் சொன்ன நேரம் நான் அவளைப் பார்க்கவில்லை மகள், உன்னைப் பார்த்தேன். இருபத்துநாலு வயதில் உனக்குக் கிருலப்பனையில் ஒரு சம்பந்தம் பேசியபோது ஸ்டூடியோவில் படம் எடுத்தோம். நீ வீட்டுக்கு வந்த பிறகு நான் திரும்பிப் போய், கொஞ்சம் வெளுப்பாக்கித் தாருங்கள் என்று அந்த மனிதரிடம் சொன்னேன். அம்மாவுக்குக்கூடத் தெரியாது. மாப்பிள்ளை வீட்டார் வந்து, நீ தேத்தண்ணித் தட்டோடு நிற்க, அந்தத் தாய், "படத்தில இருந்த நிறம் இல்லையே" என்று உன் முகத்துக்கு நேரே சொன்னார். நீ தட்டை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனாய். நான் வெளிச்சத்தின் பிழையாக்கும் என்று சிரித்துச் சமாளித்தேன். அன்றைக்கு நீ என்னை ஒன்றும் கேட்கவில்லை, இத்தனை வருடத்திலும் கேட்கவில்லை. பிறகு றொஹான் உன்னைக் கோவில் பாடகர் குழுவில் நேரே பார்த்து, நேரே வந்து கேட்டதால் நான் தப்பினேன். பிள்ளை நன்றாக வாழ்கிறாள்தானே என்று அதை மூடி வைத்துவிட்டேன். உன் முகத்தில் ஒரு குறையும் இருக்கவில்லை, குறை என்னுடைய பயத்தில் இருந்தது. என்னை மன்னித்துக்கொள் மகள்.

போன மாதம் அலுமாரியில் தேடியபோது ஸ்டூடியோ உறைக்குள் அந்தப் படத்தின் வெளுப்பாக்காத நெகடிவ் இருந்தது. நப்ரீஸ் அதைக் கொம்பியூட்டருக்குள் ஏற்றித் தந்தார், மிச்சத்தை நானே செய்தேன், நாலு நாள் எடுத்தது. தூசியைத் துடைத்தேன், ஒரு கீறலை மறைத்தேன், காலத்தால் ஏறியிருந்த மஞ்சளை எடுத்தேன். நிறம் சரியா என்று தெரியாமல், ஒவ்வொரு நாளும் நீ போனில் வரும்போது பக்கத்தில் வைத்து ஒத்துப்பார்த்தேன், "ஏன் அப்பா இப்பிடிப் பாக்கிறீங்கள்" என்று ஒருநாள் கேட்டாயே, அது இதற்குத்தான். அந்தப் படத்தை இதோடு வைத்திருக்கிறேன். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு பிரதியை வாங்கி மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

கமராவைக் குளிரில் இருந்து நேரே சூட்டுக்குள் கொண்டுவராதே, ஈரம் பிடிக்கும். சின்னவனின் கடற்கரைப் படத்தை நீயே திருத்தி அனுப்பு, நான் செய்யமாட்டேன். வாசித்துவிட்டுக் கோபம் வந்தால் கோபமாகவே போன் எடுத்துக் கதை, நான் கேட்டுக்கொண்டிருப்பேன். மாதா உங்கள் மூவரையும் தன் கைக்குள் வைத்திருக்கட்டும். படத்தில் இருப்பது எவ்வளவு வடிவான பிள்ளை என்று அன்றைக்கே நான் சொல்லியிருக்க வேண்டும்.

உன்னை நினைத்தபடியே இருக்கும்,
அப்பா
நோபேட்