அப்பாவின் கன்னத்துப் புள்ளிகள்

அன்புள்ள அப்பாவுக்கு ஸ்தோத்திரம்.

மூச்சிரைப்பு குறைந்ததா? மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதீர்கள். நான் நன்றாக இருக்கிறேன். போனில் எவ்வளவு கத்தினாலும், சுரங்கத்து வெடிச் சத்தத்தில் மந்தமான உங்கள் காதுக்கு எட்டாது என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் கம்பெனியில் செல்போன் கேமராவுக்குள் இருக்கும் சென்சாரை வடிவமைக்கிறோம். மங்கிய வெளிச்சத்தில் எடுத்தால் மணல் தூவியதுபோல் படம் முழுக்கப் புள்ளி விழும். அதற்கு நாய்ஸ் என்று பெயர். அதைத் துடைக்கும் புரோகிராமைச் சோதிக்க, சாயங்கால ஜெபத்தில் நீங்கள் உட்கார்ந்திருக்கும் படத்தை நேற்று கொடுத்தேன். மேலாளர் உமேஷ் பார்த்துவிட்டு, "சக்கத்தா வந்திருக்கும்மா, ஒரு புள்ளி இல்ல" என்றார். பிரமாதம் என்பதைக் கன்னடத்தில் அப்படித்தான் சொல்வார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சுரங்கத்தில் வெடி சிதறி உங்கள் கன்னத்தில் ஏறிய நீலப் புள்ளிகளையும் அது துடைத்திருந்தது.

"சார், அது நாய்ஸ் இல்ல. எங்க அப்பா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கவலைப்படாதீர்கள், வேலைக்கு ஒன்றும் ஆகாது. அந்தப் புள்ளிகள் நாய்ஸ் இல்லை என்று மாதக் கடைசிக்குள் நிரூபிக்கச் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான்.

அதனால் விளக்கைக் குறைத்துக்கொண்டு அசையாமல் உட்காருங்கள். அம்மா செல்லைச் செம்பில் சாய்த்துவைத்துப் பத்துப் படம் எடுத்து அனுப்பட்டும். பவுடர் வேண்டாம். நாய்ஸ் ஒவ்வொரு படத்திலும் இடம் மாறும். உங்கள் புள்ளிகள் அங்கேயே இருக்கும். ஒன்றை மட்டும் பிரிண்ட் போட்டுத் தபாலில் அனுப்புங்கள், அது ஆபீசுக்கு அல்ல.

பழைய மர்பி டவுன் விலாசத்துக்கு அனுப்பாதீர்கள். புது விலாசம் உறையின் பின்னால் இருக்கிறது. பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகள்
பிரிசில்லா

இடம் மாறி மாறி, இந்த வருஷத்தில் இது நான்காவது அறை, அப்பா.