பைக்குள் இரண்டே லென்ஸ்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலியைப் பற்றி மறைக்காமல் எழுது.

என் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவுக்கு இனி இரண்டே லென்ஸ்தான். தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டும் பெரிய லென்ஸைக் கொடுத்துவிட்டேன். போன மாதம் கப்பல் பட்டறையில் ஒதுங்கி நின்று, அந்த லென்ஸில் வெல்டர்களைப் பன்னிரண்டு படம் எடுத்தேன், லென்ஸ் மூடியைக் கழற்றாமலே. இந்தக் கேமராவில் நாம் பார்ப்பது லென்ஸ் வழியாக இல்லை, மேலே இருக்கும் தனிச் சின்னக் கண்ணாடி வழியாக. மூடி இருந்தாலும் எல்லாம் பளிச்சென்று தெரியும். ஒரு வெல்டர்தான், "ஏம்மா, மூடியக் கழட்டாம எடுத்தா நாங்க எவ்வளவு நேரம் சிரிச்சிட்டு நிக்கிறது?" என்றார்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. சின்ன லென்ஸை மாட்டிக்கொண்டு அவருக்கு மூன்றடியில் போய் நின்றேன். இன்று அந்தப் படம், பட்டறைக்காரர்களே பெரிதாக்கி வைத்தது, பட்டறை வாசலில் ஆளுயரத்துக்கு நிற்கிறது, கீழே என் பெயரோடு. சுற்று வழியானாலும் தினமும் அந்தப் பக்கமாகத்தான் வேலைக்குப் போகிறேன். கிட்டே போகிற பயம் விட்டது அம்மா.

நடு லென்ஸ், எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறவரை எடுக்கத் தோதானது. அதற்கு இங்கே இன்னும் வேலை வரவில்லை. இருந்தாலும் கொடுக்க மனமில்லை.

பஸ் வந்துவிட்டது. லென்ஸ் துடைக்க உன் பழைய நூல்புடவையில் ஒரு துண்டு கிழித்து அனுப்பு. துவைக்க வேண்டாம்.

உன் மகள்