‘என்னம்மா செய்யுது?’ என்று கேட்டவருக்கு

நேற்று கோவை இலையையும் அடுப்புக்கரியையும் சேர்த்து அரைத்து, வெளுத்துப்போன என் கரும்பலகைக்குப் பூசினேன், டீச்சர். பள்ளியில் நாம் சேர்ந்து பூசிய நாட்களின் அந்தப் பச்சை வாசனையோடு நீங்களும் வந்து நின்றுவிட்டீர்கள். ஓய்வுபெற்ற பிறகு வீட்டு மாடியில் இங்கிலீஷ் பேசச் சொல்லிக்கொடுக்கிறேன். நீங்கள் இருந்திருந்தால் இதற்கு என்னைச் சும்மா விட்டிருக்க மாட்டீர்கள்.

திருவையாற்றுப் பக்கத்துப் பள்ளியில் தமிழ்வழி ஆறாம் வகுப்பு உங்களுக்கு, புதிதாகத் தொடங்கிய இங்கிலீஷ் மீடியம் எனக்கு. மே மாத வெயிலில் இருவரும் ஒரே குடையில் பிள்ளை சேர்க்கப் போவோம். “புள்ள புடிக்கிறவங்க வந்துட்டாங்க” என்று தெருவே சிரிக்கும். ஆள் குறைந்தால் உங்கள் வகுப்பை மூடி உங்களை மாற்றிவிடுவார்கள் என்று இருவருக்குமே தெரியும்.

அந்த வருடம் கூலியாட்கள் தெருவில், அடிபம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்த ஒரு பெண் உங்களை மடக்கினாள். “மிராசுதாரு வூட்டுப் புள்ளைங்க எல்லாம் இங்கிலீசுலதான் படிக்குது. எங்க புள்ளைக்கு மட்டும் எதுக்கு டீச்சர் தமிழு?”

நீங்கள் வாதாடவில்லை. என் நோட்டை வாங்கி, அவள் மகளின் பெயரை உங்கள் கையாலேயே என் பட்டியலில் எழுதினீர்கள். திரும்பும்போது, “அந்தம்மா கேட்டதுல என்ன தப்பு, சொல்லுங்க?” என்றீர்கள்.

வகுப்புக்குள் தமிழ் கூடாது என்பது மேலிடத்து உத்தரவு. நிறைவேற்றியவள் நான்தான், கொஞ்சம் பெருமையோடுகூட. வாயாடியான அந்தச் சிறுமி மூன்றே மாதத்தில் வாயில்லாப் பூச்சி ஆனாள். தினமும் காலையில் ‘ஹவ் ஆர் யூ?’ என்பேன். ‘ஐ ஆம் ஃபைன்’ என்று வகுப்பே கத்தும். வேறு பதில் எதையும் நான் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

குறுவை அறுப்பில் கூலித் தகராறு மூண்ட வாரம், ஒருநாள் முகம் வீங்கி உட்கார்ந்திருந்தாள். இங்கிலீஷில் கேட்டேன். “ஐ ஆம் ஃபைன், டீச்சர்” என்றாள். நான் பாடத்துக்குப் போய்விட்டேன். தாழ்வாரத்தில் போய்க்கொண்டிருந்த நீங்கள் உள்ளே வந்து, அவள் பக்கத்தில் குனிந்து, “என்னம்மா செய்யுது?” என்றீர்கள். உங்கள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

“அப்பாவ போலீசு புடிச்சிக்கிட்டுப் போயிருச்சு டீச்சர். நேத்துலேந்து வூட்டுல அடுப்பு பத்த வைக்கல.”

உங்கள் சாப்பாட்டை அவளுக்குக் கொடுத்தீர்கள். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

அரைப் பரீட்சையில் எல்லாப் பாடத்திலும் தோற்று, அம்மாவோடு வயல் வேலைக்குப் போய்விட்டாள். அடுத்த ஜூனில் உங்கள் வகுப்பையும் மூடினார்கள். பட்டுக்கோட்டைப் பக்கம் மாற்றலாகிப் போனீர்கள். அங்கேயே கண்ணை மூடினீர்கள் என்று போன வருடம்தான் கேள்விப்பட்டேன்.

இன்று சாயங்காலம், அன்று வயல் வேலைக்குப் போன அவள் வந்தாள், டீச்சர். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. கூடவே மகள், பன்னிரண்டு வயது இருக்கும்.

“எனக்குத்தான் மண்டையில ஏறல டீச்சர். நீங்க நல்லாதான் சொல்லிக்குடுத்தீங்க. இவளுக்காவது ஏத்தி விடுங்க.”

உன் மேல் தப்பில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லாமல் நோட்டை எடுத்தேன். மகளைச் சேர்த்துக்கொண்டேன். வேறு எங்கே அனுப்பச் சொல்வது? கோர்ட்டிலும் ஆஸ்பத்திரியிலும் கம்பெனியிலும் அந்த மொழிதானே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது.

இத்தனை வருடமாக அவள் தன்னை மக்கு என்றே நினைத்து வாழ்ந்திருக்கிறாள். என் வகுப்பில் அவள் நன்றாகக் கற்றுக்கொண்டது அது ஒன்றைத்தான், டீச்சர்.