பாதியில் நின்ற கோடு

மச்சான்,

காலையில் உன் மடிக்கணினியைத் திறந்தேன். சூடேறியதும் அதே வாடை: எரிந்த தூசியும், நீ அதன்மேல் கொட்டிய பிளேன்டீயும்.

குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போன உன் மகள், அந்த வீட்டுக்காரர்கள் கழித்துப்போட்டதை ஆள் மூலம் கொடுத்தனுப்பிய பெட்டி. சுகர் உன் கண்ணைத் தின்றுகொண்டிருந்தது. அவள் அனுப்பும் வீடியோவைப் போனில் பார்த்துவிட்டு, "புள்ள முகம் பயறு மாதிரி தெரியுது மச்சான். முழுசா இருட்டுறதுக்குள்ள பெருசா ஒரு தடவ பாத்துறணும்" என்றாய். பெட்டியோ விண்டோஸ் செத்த நிலையில் வந்திருந்தது.

நான் விடுவேனா? பள்ளிக்கூடத்தில் எனக்குச் சொல்லித்தர ஒன்றுமில்லை என்று எட்டாம் வகுப்போடு அதை நிறுத்தியவன். பூனாகலை முதல் பதுளை வரை கம்ப்யூட்டர் என்றால் என் பேர்தான். கொழும்பு இஞ்சினியர்மார் என் பேரைக் கேட்டால் எழுந்து நிற்பார்கள். "நீ சொல்றதுல பாதியக் கழிச்சுட்டுத்தான் கேக்கணும்" என்பாய். பண்டாரவளைக் கடையில், விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸைப் பென் டிரைவில் ஏற்றி வந்தேன். பழைய பெட்டியையும் ஓடவைக்குமாம். லினக்ஸ்காரனே எனக்கென்று கொடுத்தனுப்பினான் என்று உன்னிடம் சொன்னேன்.

தேயிலைத் தோட்டத்து லயத்தில், உன் வீட்டு வாசலில் குந்தினோம். திரை முதலில் கேட்டது: இந்தியத் தமிழா, இலங்கைத் தமிழா?

வாசித்துக் காட்டினேன். வயிறு குலுங்கச் சிரித்தாய். "நீ எந்த நாட்டு ஆளுன்னு எங்க தாத்தாகிட்ட கேட்டானுங்க, அப்பாகிட்ட கேட்டானுங்க. இப்ப இந்தப் பொட்டியும் கேக்குதா? இலங்கைன்னு போடு."

போட்டேன். எவ்வளவு ஏறியது என்று காட்டும் கோடு ஊர்ந்து ஊர்ந்து பாதியில் நின்றது. மெமரியைக் கழற்றி, அழிரப்பரால் தேய்த்து மாட்டினேன். பென் டிரைவை மறுபடி ஏற்றி வந்தேன். மறுபடியும் பாதி.

"சரி, இந்தியான்னு போட்டுப் பாரேன்."

அதற்கும் பாதிதான்.

"பாத்தியா, ரெண்டு பேருமே நம்மள சேத்துக்கல" என்றாய். சிரிப்பு போகவில்லை. கை மட்டும் அந்தக் கறுப்புத் திரையைத் தடவிக்கொண்டே இருந்தது.

பண்டாரவளைக் கடைக்காரர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "ஹார்ட் டிஸ்க் செத்துப்போச்சுண்ணே. என்னத்த எழுதினாலும் நிக்காது." அந்த மாதிரி டிஸ்க் இப்போது வருவதே இல்லையாம். அதைத் தேடி ஹாலிஎல, பதுளை என்று நான் அலைந்துகொண்டிருந்தபோதே உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் வந்து சேர்வதற்குள் கண்ணை மூடிவிட்டாய்.

நேற்று உன் மகள் பேசினாள். காரியத்துக்கும் வரமுடியாத பிள்ளை. "மாமா, அந்தப் பொட்டி வேல செஞ்சிச்சா? அப்பா என்னைய பெருசா பாத்தாங்களா?"

என் நாக்கைத்தான் உனக்குத் தெரியுமே. "பாக்காம? செவுரு அகலத்துக்குத் தெரிஞ்சியேம்மா! மூக்குத்தி மின்னுனதுகூட தெரிஞ்சிச்சு. ஒங்கப்பா கண்ணு கொட்டாம பாத்தாரு."

அவள் அழுதாள். நல்ல அழுகை.

இன்று பென் டிரைவைச் செருகித் திறந்தால் பெட்டி அதே கேள்வியைக் கேட்கிறது. பதில் போடாமல் மூடினேன். பென் டிரைவ் மறுபடி என் சாவிக்கொத்தில்தான் தொங்குகிறது. கூடவே உன் மகளிடம் நேற்று அளந்த அந்தப் பேச்சும். நான் அளந்ததிலெல்லாம் பாதியாவது உண்மை இருந்தது மச்சான். இதில் கழித்தால் மிச்சமே இல்லை.